பரிவர்த்தனைகளைத் தானாக வகைப்படுத்துவது: எந்த இடத்தில் நிறுத்துவது?

வாசகர் கேள்வி, 2 ஜூன்

சிறு தொழில் ஒன்று நடத்துகிறேன். இரண்டு வங்கிக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு. மாதம் 300 பதிவு வரிகள் போல ஸ்டேட்மெண்டில் வருகிறது. கணக்கு மென்பொருளில் 'விவரத்தில் இந்தச் சொல் வந்தால் இந்தச் செலவுத் தலைப்பு' என்று விதிகள் எழுதி வைத்ததில் பாதிக்கு மேல் தானாகவே சரியான தலைப்பில் விழுகிறது. மீதியை ஏஐயிடம் கொடுத்துவிட்டால் முழுவதும் தானாக முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். இந்தக் காலத்திலும் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் கையால் தலைப்பு போடுவது வீண் வேலை. மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு

மறுக்க நான் இருக்கிறேன். தானாகச் செய்யவே கூடாது என்பது என் கட்சி இல்லை. நானும் வருடக்கணக்காக விதிகளை வைத்துத்தான் ஓட்டுகிறேன். 'முழுவதும்' என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்டேட்மெண்டில் ஏதாவது ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, தொகை, மீதி, துண்டுதுண்டாக ஒரு விவரம். பணம் யாருக்குப் போனது என்பது ஓரளவு அதில் இருக்கிறது. எதற்காகப் போனது என்பது இல்லை. கணினிக் கடை ஒன்றில் தொழிலுக்காக மடிக்கணினி வாங்கினால் அது சொத்து. வருடாவருடம் தேய்மானம் போட வேண்டும். அதே கடையில் பழைய மடிக்கணினியைப் பழுது பார்த்தால் அந்த வருடத்துச் செலவு. அதே கடையில் தங்கைக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினால் தொழில் செலவே இல்லை, எடுப்பு, அதாவது சொந்தத்துக்கு எடுத்த பணம். மூன்றுக்கும் ஸ்டேட்மெண்டில் வருவது ஒரே எழுத்துகள். தொகையைப் பார்த்து ஊகிக்கலாம், அதுவும் ஊகம்தான். வரியில் இல்லாத தகவலை விதியாலும் கொண்டுவர முடியாது, ஏஐயாலும் முடியாது.

ஆகவே உங்கள் 300 வரியில் ஒரு பங்கு எப்போதும் உங்களிடம்தான் வந்து நிற்கும். அந்தப் பங்கைச் சிறிதாக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. இல்லாமல் ஆகிவிட்டதுபோல் மென்பொருள் காட்டினால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தவறான தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

தெரியாததைத் தெரியாது என்று வைக்கப் பல மென்பொருட்களில் ஓர் இடம் இருக்கிறது. குனுகேஷ் என்ற கணக்கு மென்பொருள் 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கில் போடும். எச்-லெட்ஜர் என்ற இன்னொன்று, செலவாக இருந்தால் 'அறியாத செலவு', வரவாக இருந்தால் 'அறியாத வருமானம்' என்று வைக்கும். பள்ளிப் பாடத்தில் அனாமத்துக் கணக்கு என்று படித்திருப்போம், அந்த வேலைதான். அந்தக் கணக்கு காலியாக இல்லையே என்று பலருக்கு எரிச்சல் வருகிறது. எனக்கு அது காலியாக இருந்தால்தான் சந்தேகம் வரும்.

3 ஜூன்

'இரட்டைப் பதிவு முறையில் தவறு நடந்தால் இருப்பாய்வில் தெரிந்துவிடுமே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது.

இருப்பாய்வு என்பது எல்லாக் கணக்குகளின் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியல். மடிக்கணினியைப் பழுதுச் செலவில் எழுதினாலும் பற்றும் வரவும் சமமாகத்தான் இருக்கும். இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். இதற்குப் பெயர் விதிப் பிழை. இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்ற பட்டியலில் பாடப்புத்தகமே இதைச் சேர்த்திருக்கிறது. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவை அச்சில் விளக்கிய காலம் முதல் இந்த முறை பார்த்துக்கொள்வது ஒன்றைத்தான்: ஒரு பக்கம் எழுதிய தொகை மறுபக்கமும் இருக்கிறதா. சரியான கணக்கில் இருக்கிறதா என்பது அதன் கேள்வி இல்லை.

வங்கி மீதியோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். ஒரு வரி விட்டுப் போனால் தெரியும், ஒரு வரி இரண்டு முறை ஏறினால் தெரியும். தலைப்பு மாறியிருந்தால் தெரியாது. வகைப்படுத்தல் தவறு என்பது எந்த அலாரமும் அடிக்காத தவறு. தானியங்கி முறையில் எனக்கு இருக்கும் பயம் முழுக்க இதுதான், மற்றதெல்லாம் தொழில்நுட்பம்.

3 ஜூன், பின்னிரவு

பச்சோலி சொன்ன மூன்று புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. நடந்ததை நடந்தபடி கிறுக்கி வைக்க ஒன்று, பிறகு அதை முறைப்படி எழுதக் குறிப்பேடு, அதிலிருந்து கணக்குவாரியாகப் பேரேடு. நம் மென்பொருட்கள் முதல் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டன. ஸ்டேட்மெண்ட் நேராகப் பேரேட்டுக்குள் குதிக்கிறது. 'இம்போர்ட் செய், பார், பிறகு ஏற்று' என்று ஒரு படி வைத்திருக்கும் மென்பொருளில் அந்த முதல் புத்தகம் திரும்பி வந்துவிடுகிறது. அந்தப் படியைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தான் பக்கம் போகாதீர்கள்.

5 ஜூன்

வேலைக்கு வருகிறேன். தலைப்பு போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள்: சொந்தக் கணக்குகளுக்குள் நடந்த இடமாற்றங்களைப் பிரித்தெடுப்பது.

வங்கியிலிருந்து கார்டு பில் கட்டுகிறீர்கள். வங்கி ஸ்டேட்மெண்டில் ஒரு பெரிய தொகை வெளியே போயிருக்கிறது. அது செலவு இல்லை, கடன் அடைப்பு. செலவுகள் ஏற்கெனவே கார்டு ஸ்டேட்மெண்டில் தனித்தனியாக வந்துவிட்டன. அந்தப் பில் தொகைக்கும் ஒரு செலவுத் தலைப்பு விழுந்தால் அந்த மாதம் நீங்கள் இரண்டு மடங்கு செலவு செய்த ஆள். எதிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணம், போய்ச் சேர்ந்த இடத்தில் வருமானமாக விழும். ஒரு காசு சம்பாதிக்காமல் வருமானம் ஏறும், அதற்கு வருமான வரியும் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஏஐ வேண்டாம். ஒரே தொகை, எதிர் எதிர்க் குறி, இரண்டும் உங்கள் கணக்குகள், தேதி சில நாள் வித்தியாசத்துக்குள். அவ்வளவுதான் சோதனை. தேதியில் மட்டும் கறாராக இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பக்கம் கழிந்த பணம் மறுபக்கம் திங்கட்கிழமை ஏறும். இடையில் பணம் எங்கே இருந்தது என்று பேரேடு கேட்கும். அதற்காக 'வழியில் உள்ள பணம்' என்று ஓர் இடைக் கணக்கு வைத்துக்கொள்கிறேன். வெளியே போகும் வரி அதில் பற்று, உள்ளே வரும் வரி அதில் வரவு. மாத முடிவில் அதன் மீதி சுழியமாக இருக்க வேண்டும், அல்லது எந்தப் பரிமாற்றம் பாக்கி என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். நான் வைத்திருக்கும் எல்லாச் சோதனைகளிலும் மலிவானது இது, அதிகம் பிடித்துக் கொடுப்பதும் இது.

கடன் தவணையும் இந்த இடத்தில் வரும். ஸ்டேட்மெண்டில் ஒரே வரி, உள்ளே அசலும் வட்டியும் கலந்திருக்கும். வட்டி மட்டும்தான் செலவு. எவ்வளவு வட்டி என்பது கடன் கொடுத்தவர் தரும் தவணை அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையை ஒருமுறை ஏற்றிவிட்டால் பிரிப்பது வெறும் கணக்கு, அதைத் தாராளமாகத் தானாக விடலாம். எதைத் தானாக விடலாம் என்று என்னைக் கேட்டால் இப்படிப்பட்டவற்றைத்தான் சொல்வேன். விடை எங்கோ எழுதி இருக்க வேண்டும்.

6 ஜூன்

விவரம் ஏன் இவ்வளவு அலங்கோலமாக வருகிறது என்ற கேள்விக்கு. கார்டு பரிவர்த்தனைச் செய்திகளுக்கான ஐஎஸ்ஓ 8583 தரத்தில் கடையின் பெயரும் இடமும் சேர்த்து 40 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அந்தத் தரம் 1987இல் வந்தது. நீளப் பெயர் வைத்த கடைக்காரர் பாதியில் வெட்டுப்படுவார். அதன் மேல் வங்கி தன் பங்குக்கு டெர்மினல் எண், குறிப்பு எண், தேதி என்று ஒட்டும். இடையில் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்று இருந்தால் கடையின் பெயருக்குப் பதில் அதன் பெயர் வந்து நிற்கும். அந்த வரியில் 'யாருக்கு' என்பதும் போய்விட்டது. (2ஆம் தேதி எழுதியதில் 'ஓரளவு' என்று போட்டது இதற்காகத்தான்.)

எந்த முறையை எடுத்தாலும் முதலில் இந்த எழுத்துகளைச் சுத்தம் செய்ய வேண்டும். இலக்கங்களை நீக்கு, எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தாக்கு, ஊர்ப் பெயரையும் வங்கி ஒட்டும் சொற்களையும் நீக்கு. மிஞ்சுவதை வைத்துக் கடைக்கு ஒரு நிலையான பெயர் கொடு. தலைப்பை அந்தப் பெயருக்கு மாட்டு, அசல் வரிக்கு அல்ல. அசல் வரியை மட்டும் அழிக்கவே கூடாது, பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். நாளைக்குச் சந்தேகம் வந்தால் சாட்சி அது ஒன்றுதான்.

6 ஜூன், சற்றுப் பிறகு

கடை என்ன வகை என்று கார்டு வரியிலேயே தெரியாதா என்று ஒரு கேள்வி. ஆமாம், கடை வகைக் குறியீடு உண்டு. நான்கு இலக்கம், ஐஎஸ்ஓ 18245. 5411 என்றால் மளிகை, 5812 என்றால் உணவகம், 6011 என்றால் ஏடிஎம்மில் எடுத்த பணம். வங்கியிலிருந்து இறக்கும் சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் அது வந்தால் அதிர்ஷ்டம், பல வங்கிகள் தருவதில்லை. வந்தாலும் அது கடை என்ன தொழில் செய்கிறது என்று சொல்லுமே தவிர நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று சொல்லாது. மளிகைக் கடையில் அலுவலகத்துக்கு மின்விளக்கு வாங்கினாலும் 5411தான்.

6011 மட்டும் நம்பகமானது. அதையும் செலவாகப் போடாதீர்கள்; அது கைரொக்கக் கணக்குக்கு ஓர் இடமாற்றம்.

9 ஜூன்

விதிகள். கேட்டவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார், ஆகவே கெட்ட செய்தியை மட்டும் சொல்கிறேன்.

'கார்' என்று இருந்தால் வாகனச் செலவு என்று ஒரு விதி. நன்றாக இருக்கிறது. 'கார்டு கட்டணம்' என்று ஒரு வரி வருகிறது. அதுவும் வாகனச் செலவு. ஆங்கில எழுத்தில் எழுதினாலும் இதே கதைதான். குறுகிய சொல்லை வைத்து எழுதும் எந்த விதியும் ஒருநாள் தனக்குச் சம்பந்தமில்லாத வரியைக் கவ்வும்.

அடுத்தது வரிசை. இரண்டு விதிகள் ஒரே வரியோடு பொருந்தினால் யார் சொல்வது செல்லும்? எச்-லெட்ஜரில் கோப்பில் கடைசியாக வரும் விதி செல்லும். முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும் மென்பொருட்களும் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விதிகளை அப்படியே நகல் எடுத்தால் எல்லாம் தலைகீழ். உங்கள் மென்பொருள் எந்தப் பக்கம் என்று ஒரு பொய் வரி போட்டுச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள், கையேட்டை நம்புவதைவிட அது வேகம்.

விதிக்குத் தொகை எல்லை வைக்கலாம் என்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 'இந்தக் கடை, தொகை இவ்வளவுக்குக் கீழ் இருந்தால் பழுதுச் செலவு; மேலே போனால் தலைப்பு போடாதே, என்னிடம் அனுப்பு.' மடிக்கணினிச் சிக்கலுக்குப் பாதி மருந்து இது. விதி என்றால் விடை சொல்லத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? 'இதில் கை வைக்காதே' என்று சொல்வதும் விதிதான். என் கோப்பில் அப்படிப்பட்டவை நிறைய.

9 ஜூன், திசை மாறி

மேலே 'சொல் எல்லை போட்டால் கார் விதி சரியாகிவிடும்' என்று எழுதியவருக்கு. சொல் எல்லை என்றால் சொல் அங்கே முடிய வேண்டும் என்று விதியில் போடும் குறி. ஆங்கில எழுத்தில் ஆகும். தமிழில் முயன்று பார்த்தீர்களா? பைத்தான் நிரல்மொழியோடு வரும் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி), துணைக்காலையும் ('ா') புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. 'கார்' என்பதன் கடைசியில் இருப்பது புள்ளி. அதற்குப் பின் இடைவெளி வந்தால் எழுத்தல்லாததும் எழுத்தல்லாததும் சந்திக்கின்றன, அதனால் அங்கே எல்லை இல்லை என்கிறது. அதற்குப் பின் 'டு' வந்தால் எல்லை இருக்கிறது என்கிறது. பலன்: சொல் எல்லை போட்ட விதி 'கார்' என்ற தனிச் சொல்லை விட்டுவிட்டுக் 'கார்டு'வை மட்டும் சரியாகப் பிடிக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, அதை நிரலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லைக் குறியை விட்டுவிட்டு 'இடைவெளி அல்லது வரி முடிவு' என்று வெளிப்படையாக எழுதுவதே வழி.

வங்கி விவரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், ஆனால் பணம் அனுப்பும்போது நாம் எழுதும் குறிப்புகள் தமிழில் இருக்கலாம். அங்கே இன்னொன்று: 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு இரண்டும் வேறு. ஒப்பிடும் முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்து இரண்டையும் ஒரே வடிவாக்கிவிட்டால் போகும். 'கொரியர்' விதி சில வரிகளில் வேலை செய்து சில வரிகளில் செய்யாமல் என்னைக் கோபப்படுத்தியது இதனால்தான். சரி, கணக்குக்குத் திரும்புவோம்.

12 ஜூன்

விதி எழுதாமல் பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் முறைகள் ஏஐ அலைக்கு வெகு முன்பே உண்டு. குனுகேஷில் பேய்ஸ் முறையில் பொருத்தும் வசதி இருக்கிறது. 2002 வாக்கில் ஸ்பேம் மின்னஞ்சலைப் பிரிக்கப் பிரபலமான அதே குடும்பம். விவரத்தைச் சொற்களாக உடைத்து, இந்தச் சொல் முன்பு எந்தக் கணக்கோடு எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைக்கும். சொற்களோடு பரிவர்த்தனை நடந்த கிழமையையும் ஒரு தடயமாகச் சேர்த்துக்கொள்ளும். யோசித்தால் கெட்டிக்காரத்தனம்தான், நம் செலவுகளில் பல கிழமையோடு ஒட்டியவை. பீன்கவுண்டு என்ற கணக்கு மென்பொருளுக்கு 'ஸ்மார்ட் இம்போர்ட்டர்' என்ற துணை நிரல் இருக்கிறது, அது சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தை வைத்து உங்கள் பேரேட்டிலிருந்தே பழகிக்கொள்ளும்.

இவற்றில் ஒரு பொதுக் குணம்: தன்னம்பிக்கை அதிகம். பேய்ஸ் முறை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சாட்சியாக நினைக்கும். ஒரு கடையின் விவரத்தில் வரும் நான்கு சொற்களும் எப்போதும் சேர்ந்தே வரும், அதாவது சாட்சி ஒன்றுதான். ஆனால் நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னதாக எண்ணி 99 சதவீதம் உறுதி என்று வந்து நிற்கும். அந்தச் சதவீதத்தை வைத்து 'இதற்கு மேல் இருந்தால் கேட்காமல் ஏற்று' என்று எல்லை வைப்பவர்களைப் பார்க்கிறேன். எல்லை வைப்பது சரி, எண்ணை அப்படியே நம்புவது சரியில்லை. பழைய பதிவுகளில் 99 என்று சொன்னபோது உண்மையில் எத்தனை முறை சரி என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

பார்க்கும்போது பதிவுகளைக் கலைத்துப்போட்டுச் சோதிக்காதீர்கள். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை காட்டி, செப்டம்பரைக் கேளுங்கள். கலைத்தால் அதே கடையின் அடுத்த வாரத்து வரியை முன்கூட்டியே காட்டிவிட்டுக் கேள்வி கேட்ட கதையாகும். மதிப்பெண் வானத்தில் இருக்கும், அடுத்த மாதம் தரைக்கு வரும்.

12 ஜூன், ஒரு வரி

இப்படிக் கற்றுக்கொள்ளும் எந்த மாடலையும் புகழும் முன் 'இந்தக் கடைக்குச் சென்ற முறை என்ன தலைப்போ அதையே போடு' என்ற முட்டாள் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் வாயடைத்துப் போவீர்கள்.

13 ஜூன்

'எனக்கு 90 சதவீதம் சரியாக வருகிறது' என்றவருக்கு: எதில் 90? வரி எண்ணிக்கையிலா, தொகையிலா?

நூறு வரியில் தொண்ணூறு சின்னச் சின்னத் தொகைகள், மாதாமாதம் வருபவை. அவற்றை எந்த முறையும் சரியாகச் செய்யும். மீதிப் பத்து, அபூர்வமாக வரும் பெரிய தொகைகள். புதுக் கடை, புதுக் காரணம், உபகரணம், முன்பணம், வைப்புத்தொகை. பணத்தில் பாதிக்கு மேல் அந்தப் பத்தில் இருந்தாலும் உங்கள் 90 சதவீதம் அதைப் பற்றி வாய் திறக்காது. இறுதிக் கணக்கைக் கோணலாக்குவது அந்தப் பத்துதான்.

என் வழக்கம் இது: சந்தேகப் பட்டியலைத் தேதி வரிசையில் பார்ப்பதில்லை, தொகை வரிசையில் பார்ப்பேன். மேலிருந்து தொடங்கி, அலுப்புத் தட்டும் இடத்தில் நிறுத்தினாலும் பெரும் பணம் கண்ணில் பட்டிருக்கும். கீழே மிஞ்சுவது அனாமத்தில் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், யாரும் சாகமாட்டார்கள்.

17 ஜூன்

கடைசியாக ஏஐ. கேட்டவர் இதற்குத்தான் காத்திருக்கிறார், நான் ரெகெக்ஸில் விழுந்து புரண்டுகொண்டிருந்தேன்.

இன்று ஏஐ என்று நாம் சொல்லும் மொழி மாடல்கள் ஓர் இடத்தில் நிஜமாகவே பழைய முறைகளைத் தாண்டுகின்றன: இதுவரை பார்த்தே இராத கடை. பேய்ஸுக்கு முன்னனுபவம் இல்லையென்றால் சொல்ல ஒன்றும் இல்லை. மொழி மாடலுக்கு உலக அறிவு இருக்கிறது. வெட்டுப்பட்ட பெயரைப் பார்த்தே 'இது விமான நிறுவனம், இது மென்பொருள் சந்தா' என்று சொல்லிவிடும். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வரிக்கு வரி அதனிடம் கேட்டு நேராகப் பேரேட்டில் ஏற்றுவதை நான் செய்யமாட்டேன். அதே வரியை இன்று கேட்டால் ஒரு தலைப்பு, அடுத்த மாதம் கேட்டால் இன்னொன்று வரலாம். கணக்கில் தவறைவிட மோசம் மாறிக்கொண்டே இருக்கும் தவறு. எப்போதும் ஒரே தலைப்பில் தவறாக விழுந்தால் ஒரே பதிவில் நகர்த்திவிடலாம். மூன்று தலைப்புகளில் சிதறினால் தேடி எடுக்க வேண்டும். அப்புறம், தலைப்புப் பட்டியலைக் கொடுத்து இதற்குள்தான் சொல்ல வேண்டும் என்று கட்டிப்போடாவிட்டால் புதுத் தலைப்புகளைத் தானே படைக்கும். பட்டியலில் 'தெரியவில்லை' என்பதையும் ஒரு விடையாக வைக்க வேண்டும். இல்லையென்றால் அது தெரியாது என்று சொல்ல வழியே இல்லை, எதையாவது சொல்லும்.

அதைவிட நல்ல வழி: மாடலை விதி எழுத வையுங்கள். புதுக் கடைகளின் பட்டியலை மட்டும் கொடுத்து 'ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி முன்மொழி' என்று கேளுங்கள். வருவதைப் படித்துப் பார்த்து ஏற்பதை விதிக் கோப்பில் சேருங்கள். அடுத்த மாதத்திலிருந்து விதி வேலை செய்யும், மாடல் தேவையில்லை. விதி இன்றும் நாளையும் ஒரே விடை தரும், எந்த விதி என்று கை காட்டலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். கடைப் பெயர் மட்டும் வெளியே போவதால் தொகையும் மீதியும் கணக்கு எண்ணும் உங்களிடமே இருக்கும். முழு ஸ்டேட்மெண்டைத் தூக்கி ஏதோ ஒரு தளத்தில் ஒட்டுபவர்கள், அதில் உங்களுக்குப் பணம் தந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் யாரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை.

18 ஜூன்

நேற்று விட்டுப்போனது, முக்கியமானது. தானாக விழுந்த பதிவை வைத்தே மாடலுக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

மாடல் ஒரு வரியைத் தவறாகப் போடுகிறது. நீங்கள் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் அது பேரேட்டிலிருந்து கற்கும்போது தன் தவறையே சான்றாக எடுத்துக்கொள்கிறது. அதற்கடுத்த மாதம் இன்னும் உறுதியாகச் சொல்கிறது. வருடக் கடைசியில் 99 சதவீதம். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு யார் போட்டது என்ற குறிப்பு வேண்டும்: விதியா, மாடலா, கையா. லெட்ஜர் குடும்பத்து மென்பொருட்களில் இதற்கு எளிய வழி இருக்கிறது. பதிவின் முன்னால் ஆச்சரியக்குறி என்றால் இன்னும் பார்க்க வேண்டியது, நட்சத்திரக்குறி என்றால் பார்த்தாயிற்று. மாடல் போடுவது எல்லாம் ஆச்சரியக்குறியோடு வரட்டும், மனிதன் பார்த்த பிறகு நட்சத்திரம். நட்சத்திரம் உள்ளவற்றை மட்டும் பாடத்துக்குக் கொடுங்கள்.

'எல்லாவற்றையும் தேர்ந்தெடு, ஒப்புக்கொள்' என்று ஒரே கிளிக்கில் நட்சத்திரம் போடுபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

24 ஜூன்

இன்னும் ஒன்று யோசித்தேன். மாடல் தடுமாறும் இடங்கள் பாதிக்கு மேல் மாடலின் குற்றம் இல்லை, நம் தலைப்புப் பட்டியலின் குற்றம். 'அலுவலகப் பொருட்கள்', 'எழுதுபொருட்கள்', 'சிறு உபகரணம்', 'இதரச் செலவு'. ஒரு பேனா மூட்டையை எதில் போடுவீர்கள்? நானே மார்ச்சில் ஒன்றிலும் மேயில் இன்னொன்றிலும் போடுவேன்.

சோதித்துப் பார்க்க வழி எளிது. பழைய பதிவுகளில் ஒரு கட்டை எடுத்துத் தலைப்பை மறைத்துவிட்டு மறுபடி நீங்களே போடுங்கள். பழையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அதுதான் உச்சவரம்பு. நீங்களே உங்களோடு ஒத்துப்போகாத இடத்தில் மாடல் எதோடு ஒத்துப்போவது? முரண்படும் இரண்டு தலைப்புகளை ஒன்றாக்கினால் மென்பொருளைத் தொடாமலே துல்லியம் ஏறும். ஒரு தலைப்பு தனியாக இருப்பதால் வரிக் கணக்கிலோ நீங்கள் எடுக்கும் முடிவிலோ எதுவும் மாறாது என்றால் அது தனியாக இருக்கத் தேவையில்லை.

'இதரச் செலவு' தலைப்பை மட்டும் மாடலுக்குக் காட்டவே காட்டாதீர்கள். குப்பைத்தொட்டியைக் கண்டால் எல்லாவற்றையும் அதில் போடும். மனிதர்களும் அப்படித்தான்.

30 ஜூன்

சில்லறைக் கேள்விகளுக்கு மொத்தமாக.

திரும்ப வந்த பணம்: வருமானம் இல்லை. எந்தச் செலவுத் தலைப்பில் போனதோ அதே தலைப்பில் கழிக்க வேண்டும். 'உள்ளே வந்தால் வருமானம்' என்ற பொத்தாம்பொது விதி வைத்திருந்தால் விற்பனை வீங்கிக் காட்டும்.

பற்று, வரவு தலைகீழாக இருக்கிறதே: வங்கி தன் பேரேட்டிலிருந்து பேசுகிறது. உங்கள் பணம் அதற்குக் கடன், ஆகவே நீங்கள் பணம் போட்டால் அது வரவு என்று எழுதும். உங்கள் புத்தகத்தில் அது பற்று. இம்போர்ட் செய்யும்போது குறி மாறியிருக்கிறதா என்று முதல் கோப்பில் பார்த்தால் போதும்.

தேதி: 03/04 என்று வந்தால் எது நாள், எது மாதம் என்று மென்பொருள் ஊகிக்கும். 12க்கு மேற்பட்ட நாள்கள் காட்டிக்கொடுத்துவிடும், 12க்குள் இருப்பவை அமைதியாக வேறு மாதத்துக்குப் போய்விடும்.

ஒரே வரி இருமுறை: வங்கிகள் தரும் இன்னொரு வடிவமான ஓஎஃப்எக்ஸ் கோப்பில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் உண்டு, சிஎஸ்வியில் பெரும்பாலும் இல்லை. தேதி, தொகை, விவரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் நகல் என்று நீக்கும் மென்பொருள், ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே தொகைக்கு நீங்கள் உண்மையாகவே இரண்டு முறை வாங்கியதில் ஒன்றையும் நீக்கிவிடும். இங்கே மட்டும் நமக்கு அலாரம் இருக்கிறது: மாத முடிவு மீதி ஒத்துப்போகாது.

8 ஜூலை

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். இடமாற்றங்களைப் பிரித்ததும் 'வருமானம்' சட்டென்று இறங்கிவிட்டதாம், மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். இறங்கியதுதான் நிஜம், வாழ்த்துகள்.

அவருடைய புதுக் கேள்வி: மேம்படுத்திய விதிகளைப் பழைய வருடங்களின் மீதும் ஓட்டலாமா?

முடித்துக் கையெழுத்தாகி, வரி கட்டியாகிவிட்ட வருடத்தின் மீது ஓட்டக் கூடாது. விதி இப்போது சரியாக இருந்தாலும், அன்று நீங்கள் தாக்கல் செய்த எண்ணுக்கும் புத்தகத்துக்கும் உறவு அறுந்துவிடும். பெரும்பாலான மென்பொருட்களில் ஒரு தேதிக்கு முந்தைய பதிவுகளைப் பூட்டும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். பழையதில் பெரிய பிழை தெரிந்தால் அந்த வருடத்துக்குள் கை வைக்காமல் இந்த வருடத்தில் ஒரு திருத்தப் பதிவு எழுதி, ஏன் என்று ஒரு வரி விளக்கம் போடுங்கள். வரித் தாக்கலையும் திருத்த வேண்டுமா என்பதை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள், அது மென்பொருள் முடிவு செய்யும் விஷயம் இல்லை. நடப்பு வருடத்தின் மீது ஓட்டலாம், ஆனால் முதலில் நகலில் ஓட்டி எந்தெந்தப் பதிவு மாறுகிறது என்ற பட்டியலை மட்டும் எடுங்கள். அந்தப் பட்டியலில் நட்சத்திரம் போட்ட பதிவு ஏதாவது இருந்தால் விதியைத்தான் திருத்த வேண்டும்.